அந்தரத்தில் படுத்தவள்

இடுப்பு மட்டும் பீடத்தில் பதிந்திருக்க, கால்களும் தோள்களும் அந்தரத்தில் நிற்கின்றன. சிற்பி அரிஸ்டிட் மயோலின் ‘காற்று’ என்ற பெண் சிலை அப்படித்தான் படுத்திருக்கிறது. இறந்துபோன விமானிகளின் நினைவுக்காக, 1938-ல் பிரான்சின் துலூஸ் நகரம் கேட்ட சிலை அது.

கல்லாகவும் ஈயமாகவும் ஆவதற்கு முன் அவள் பிளாஸ்டராக இருந்தாள். எனக்குப் பிடித்தது அந்தப் பருவம்தான். தண்ணீரில் குழைத்த பிளாஸ்டர், இறுகும்போது உள்ளங்கையில் வெதுவெதுக்கும். அரை மணி நேரத்தில் கெட்டியாகிவிடும். அதன் பிறகும் அரத்தால் ராவலாம், ரம்பத்தால் அறுக்கலாம், நனைத்து மேலும் அப்பலாம். கல்லில் செதுக்கியது செதுக்கியதுதான். ‘இந்தக் கை இன்னும் ஒரு விரற்கடை உயரட்டுமா?’ என்று சிற்பி யோசிக்க இடம் கொடுப்பது இந்த வெள்ளை மாவு. அந்தப் பொறுமையில்தான் கனத்த உடல் காற்றாகிறது.