பறக்கக் கற்றுத்தருமா திரை?

திருவண்ணாமலை மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. வடக்கே வேலூர் அப்துல்லாபுரத்திலும் தெற்கே உளுந்தூர்பேட்டையிலும் பழைய ஓடுதளங்கள் உண்டு. ஆனாலும் விமானம் ஏற வேண்டுமென்றால் பெரும்பாலும் சென்னைக்கோ பெங்களூருக்கோ ஏறத்தாழ 200 கிலோமீட்டர் போயாக வேண்டும். காக்பிட்டைப் பக்கத்தில் நின்று பார்த்த பிள்ளைகள் இந்த ஊரில் அபூர்வம். அதனாலேயே, கணினித் திரையில் விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டர் வகுப்புகள் பெருநகரப் பள்ளிகளைவிட இங்கே அதிகம் தேவை என்று நினைக்கிறேன். தவறாக நடத்தினால் அதிகக் கேடு விளைவதும் இங்கேதான். பொய்யை உரசிப் பார்க்க இங்குள்ள பிள்ளைக்குப் பக்கத்தில் உண்மை விமானம் எதுவும் இல்லை.

சிமுலேட்டரை வெறும் விளையாட்டு என்று ஒதுக்குவது சரியல்ல. அமெரிக்காவில் ஆர்கன் இசைக்கருவி செய்யும் குடும்பத்தில் வளர்ந்தவர் எட்வின் லிங்க். அப்பாவின் பட்டறைத் துருத்திகளையும் பம்புகளையும் வைத்தே, தரையில் நின்றபடி சாய்ந்து திரும்பும் சின்ன விமானம் ஒன்றை 1929இல் அவர் உருவாக்கினார். முதலில் அதை வாங்கியவை பொழுதுபோக்குப் பூங்காக்கள்தாம். 1934இல் அமெரிக்க ராணுவம் தபால் விமானங்களை ஓட்டும் பொறுப்பை ஏற்றது. இரவிலும் மூடுபனியிலும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பழகாத விமானிகள் அடுத்தடுத்து விபத்தில் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் ராணுவம் லிங்கிடம் ஆறு கருவிகள் வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கானோர் அதில் பயிற்சி பெற்றார்கள். அந்தக் கருவியில் மேகமோ ஓடுதளமோ தெரியாது. மூடிய பெட்டிக்குள் முட்கள் மட்டுமே. உடம்பு சொல்வதை விட்டுவிட்டு முள் சொல்வதை நம்பப் பழக்கியது அது.

தத்ரூபமான காட்சி இல்லாமலே பயிற்சி பலன் தரும் என்பதை 1994இல் வெளியான இஸ்ரேலிய ஆய்வு ஒன்றும் வேறு வழியில் காட்டியது. விமானப்படைப் பயிற்சி மாணவர்களுக்கு 'ஸ்பேஸ் ஃபோர்ட்ரெஸ்' என்ற கணினி விளையாட்டில் 10 மணி நேரம் முறையான பயிற்சி தந்தார்கள். பார்ப்பதற்கு அது விமானத்தைப் போலவே இருக்காது. ஆனாலும் அதில் பழகியவர்கள் பிறகு உண்மையான விமானத்தில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். ஒரே நேரத்தில் நான்கு விஷயங்கள் கவனம் கோரும்போது அதை எப்படிப் பங்கிடுவது என்பதை அவர்கள் படிப்படியாகக் கற்றிருந்தார்கள். அசையும் இருக்கையும் வளைந்த மூன்று திரைகளும் இருந்தால்தான் பயிற்சி என்று விளம்பரம் செய்பவர்களிடம் இந்த ஆய்வைச் சொல்ல வேண்டும். காட்சியின் பளபளப்புக்குப் பெற்றோர் பணம் கொடுக்கிறார்கள். பிள்ளைக்குப் பயன் தருவது பாடம் அமைக்கப்பட்ட முறை.

அப்படிப்பட்ட பாடத்துக்கு எங்கும் போக வேண்டாம், நம் மலையே போதும். அண்ணாமலை கடல் மட்டத்திலிருந்து 814 மீட்டர், சுமார் 2,670 அடி. இலவசமாகக் கிடைக்கும் 'ஃப்ளைட்கியர்' மென்பொருளில் ஒரு மாணவி மலையை நோக்கி வருகிறாள். ஆல்டிமீட்டர் 2,900 அடி காட்டுகிறது. மலையைத் தாண்டிவிடலாமா? தாண்டலாம் என்று வகுப்பு முழுவதும் சொல்லும். இப்போது ஆசிரியர் கார்த்திகை மாதத்துக்கு வருகிறார். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். ஊரில் காற்றழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் குறைந்துவிட்டது. அழுத்தத்தை அளந்துதான் ஆல்டிமீட்டர் உயரம் சொல்கிறது. ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறத்தாழ 30 அடி. அதைப் புதிய அழுத்தத்துக்குத் திருத்தி வைக்காத விமானம் உண்மையில் 2,600 அடியில்தான் பறந்துகொண்டிருக்கும். அதாவது மலையுச்சிக்கும் கீழே. பாடநூலில் மனப்பாடம் செய்த வளிமண்டல அழுத்தம் அந்தக் கணத்தில் உயிர்ப் பிரச்சினையாகிறது.

தரையிறங்குவதையும் பார்க்கலாம். செஸ்னா 172 ஓடுதளத்தை நெருங்குகிறது, கொஞ்சம் தாழ்ந்துவிட்டது. புதிதாக ஓட்டும் எந்தப் பிள்ளையும் உடனே செய்வது ஒன்றுதான்: ஜாய்ஸ்டிக்கை இழுத்து மூக்கைத் தூக்கும். வேகம் குறையும், இன்னும் தாழும், இன்னும் இழுக்கும், கடைசியில் மேலே பார்த்தபடியே விமானம் விழும். அங்கே காட்சியை நிறுத்தி, "மூக்கு மேலேதானே இருந்தது, ஏன் விழுந்தது?" என்று கேட்க முடிவதுதான் சிமுலேட்டரின் மாபெரும் பலம். உண்மை விமானத்தில் நிறுத்தும் பொத்தான் இல்லை. கேட்கத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாவிட்டால், பிள்ளை மறுபடி முதலிலிருந்து தொடங்கும், விழும், மறுபடி தொடங்கும். விழுந்தால் ஒன்றும் ஆகாது என்பது மட்டுமே மனதில் தங்கும்.

தவறான சிமுலேட்டர் பயிற்சி, பயிற்சியே இல்லாததைவிட மோசமாகலாம். 2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கில் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் 587ஆம் விமானம் விழுந்து 265 பேர் இறந்தார்கள். முன்னால் போன பெரிய விமானம் விட்டுச்சென்ற காற்றுச் சுழலில் சிக்கியதும், துணை விமானி வாலிலுள்ள ரடரை இயக்கும் பெடல்களை மாறி மாறி வேகமாக மிதித்தார். வாலின் செங்குத்துத் தகடே முறிந்துபோனது. தேவையில்லாத அந்த மிதிப்பையே முதன்மைக் காரணமாகச் சொன்ன விசாரணை, ரடர் அமைப்பின் வடிவத்தோடு அந்த நிறுவனத்தின் பயிற்சித் திட்டத்தையும் துணைக் காரணமாகக் குறித்தது. அதன் சிமுலேட்டர் பயிற்சியில் இத்தகைய சுழலின் விளைவு மிகைப்படுத்திக் காட்டப்பட்டிருந்தது. தேர்ந்த விமானிகளுக்கே இது நேர்ந்தது. பெடலே இல்லாமல் விசைப்பலகையில் 'ஓட்டிப் பழகிய' சிறுவனின் கால்களுக்கு என்ன தெரிந்திருக்கும்? கண்ணாடிக்கு வெளியே அடிவானத்தைப் பார்க்காமல் கருவிகளையே வெறிக்கும் பழக்கம் கணினியில் பழகி வருபவர்களிடம் இருப்பதாகப் பறக்கும் பயிற்றுநர்கள் பொதுவாகக் குறைப்படுவதும் உண்டு.

இவற்றையெல்லாம்விட என்னை வருத்துவது வேறொன்று. ஒரு வார முகாம் முடிந்ததும் பிள்ளையின் கழுத்தில் பதக்கம் போட்டு, கையில் 'இளம் பைலட்' சான்றிதழைக் கொடுத்து அனுப்புகிறார்கள். இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெற 18 வயது நிரம்ப வேண்டும், 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், மருத்துவத் தகுதி வேண்டும். வீட்டுக் கணினியில் ஓட்டிய ஒரு நிமிடம்கூட அந்தக் கணக்கில் சேராது. மத்திய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமியிலேயே கட்டணம் 45 லட்சம் ரூபாய் அளவுக்கு இருக்கிறது. மல்லாட்டை விற்ற காசில் பிள்ளையைப் படிக்கவைக்கும் குடும்பத்திடம் இதை மறைப்பது துரோகம். முதல் நாளே, பெற்றோரை உட்கார வைத்துச் சொல்ல வேண்டிய விவரம் இது. நிறக்குருடு இருக்கிறதா என்று ஆரம்பத்திலேயே பார்த்துவிடச் சொல்வதும் நல்லது. பதக்கம் வாங்கிய பிள்ளைக்குப் பதினெட்டு வயதில் அது தெரியவருவது கொடுமை.

பைலட் ஆக முடியாவிட்டால் என்ன என்பதையும் அங்கேயே சொல்லலாம். விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமத்துக்குப் பிளஸ் டூ இயற்பியலும் கணிதமும் அடிப்படை. இயற்பியல், கணிதத்துடன் பி.எஸ்சி. படித்தவர் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் தேர்வு எழுதலாம். டிரோன் இயக்கும் சான்றிதழுக்குப் பத்தாம் வகுப்பும் 18 வயதும் போதும். நெல் வயலில் மருந்து தெளிக்க அதன் தேவை கண்ணெதிரே வளர்கிறது. திரைக்கு முன் ஒருவர் ஓட்ட, இன்னொருவர் கட்டுப்பாட்டு அறையாக இருந்து வழிசொல்ல, மூன்றாமவர் காற்றின் திசையைக் கணக்கிட்டுத் தர, வகுப்பை இப்படிப் பங்கிட்டால் இந்த வேலைகள் தாமாகவே அறிமுகமாகும். தமிழ்நாடு அரசு மாணவர்களுக்காக 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் வழிகாட்டலில் இதற்கு இடம் கொடுக்கலாம்.

அமெரிக்காவில் 'யங் ஈகிள்ஸ்' திட்டம் 1992 முதல் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை இலவசமாக ஒருமுறை உண்மை விமானத்தில் பறக்கவைத்திருக்கிறது. சொந்த விமானம் வைத்திருக்கும் தன்னார்வ விமானிகள் அங்கே ஏராளம். நம்மிடம் அந்த வசதி இல்லை. ஆனால் இங்கே தேசிய மாணவர் படையின் வான் பிரிவு இருக்கிறது. அதில் சிமுலேட்டரோடு மைக்ரோலைட் விமானத்திலும் மாணவர்களை ஏற்றுகிறார்கள். அந்த வாய்ப்பு வான் பிரிவு இல்லாத அரசுப் பள்ளிகளின் பிள்ளைகளுக்கும் திறக்க வேண்டும். அதற்கு முன்னால், மாவட்டத்தில் யாராவது சிமுலேட்டர் கூடம் அமைக்கப் பணம் ஒதுக்கினால், இருக்கையை வாங்கும் முன் இரண்டு இயற்பியல் ஆசிரியர்களை ஏதேனும் ஒரு பறக்கும் கழகத்துக்கு அனுப்பி, பயிற்றுநர் பக்கத்தில் உட்கார்ந்து பக்கக்காற்றில் சில தடவையாவது தரையிறங்கிப் பார்க்கச் செய்யட்டும்.