பெயரும் இயல்பும்: பிரீமோ லேவியின் ‘கந்தகம்’ பற்றிய ஒரு நோக்கு

தொழிலாளரைப் பாத்திரமாகக் கொண்ட கதைகள் தமிழிலும் பிற மொழிகளிலும் பல உள. எனினும் அவற்றுட் பெரும்பாலானவை தொழிற்சாலையின் வாயிலோடு நின்றுவிடுகின்றன. கூலி, கடன், வேலைநிறுத்தம், முதலாளியின் கடுமை ஆகியன விரிவாகப் பேசப்படும். வாயிலுக்கு அப்பால் அத்தொழிலாளி எப்பொருளோடு போராடுகிறான், அப்பொருளின் இயல்பு யாது, அதுபற்றி அவன் அறிந்தது எவ்வளவு என்பன பேசப்படா. இக்குறைக்கு விலக்காக அமைந்த படைப்புகளுள் இத்தாலிய எழுத்தாளர் பிரீமோ லேவியின் ‘கந்தகம்’ ஒன்றாகும். ஆயினும், அதனை உழைப்பின் பெருமையைப் போற்றும் கதையாக மட்டும் கொள்வது அதன் ஒரு பாதியை மட்டும் படிப்பதாகவே முடியும்.

லேவி 1919 இல் தூரின் நகரிற் பிறந்தவர், இரசாயனவியற் பட்டதாரி. 1944 இல் அவுசுவிற்சு வதைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டு உயிர்தப்பி மீண்டவர். போருக்குப் பின்னர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தூரினுக்கு அண்மையிலுள்ள பூச்சுமைத் தொழிற்சாலையொன்றிற் பணியாற்றினார். 1975 இல் வெளிவந்த அவரது ‘ஆவர்த்தன அட்டவணை’ என்னும் நூலில் இருபத்தொரு அத்தியாயங்கள் உள. ஒவ்வொன்றும் ஒரு மூலகத்தின் பெயரைத் தாங்கியுள்ளது. றேமண்ட் றோசென்தாலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1984 இல் வெளியாயிற்று. அத்தியாயங்களுட் பெரும்பாலானவை தன்வரலாற்றுப் பாங்கானவை. ‘கந்தகம்’ அவ்வாறன்று. அதில் ஆசிரியர் முற்றாக ஒதுங்கிக்கொள்கிறார். கதை லன்சா என்னும் கொதிகலத் தொழிலாளியின் ஓர் இரவோடு அமைகிறது.

கதை மிகச் சிறியது. லன்சா இரவுவேலைக்கு வந்து கொதிகலனுக்குத் தீ மூட்டுகிறான். வெப்பநிலை 180 பாகையை எட்டியதும் மூடியைத் திறந்து, முகமூடி அணிந்து, ‘பி 41’ எனக் குறிக்கப்பட்ட பொருளை இடுகிறான். அது கந்தகம் என்பதை ஆலை முழுவதும் அறியும்; போர்க்காலத்திற் பலர் அதனை வீட்டுக்குக் கொண்டுசென்று, திராட்சைக் கொடிகளுக்குத் தூவும் விவசாயிகளிடம் கள்ளச்சந்தையில் விற்றிருக்கின்றனர். ஆயினும் முதலாளியின் விருப்பப்படி அதனைப் ‘பி 41’ என்றே அழைத்தல் வேண்டும். 200 பாகையில் வெற்றிடப் பம்பி இயக்கப்படுகிறது. சிறிது நேரத்திற் பம்பியின் ஓசை தடுமாறுகிறது. மானியின் முள் திரும்பி அமுக்கப் பக்கம் நகர்கிறது. குழாயை முறுக்குச்சாவியால் தட்டிப் பார்க்கிறான், பயனில்லை. மூடியைத் தளர்த்த முனைந்தபோது மஞ்சள் நிறச் சேறு சீறிப் பாய்கிறது. உள்ளே நுரை நிறைந்திருப்பதை உணர்ந்து மீண்டும் மூடுகிறான். அச்சம் சினமாகி, சினம் தணிந்து, அறிவு தெளிகிறது. உறிஞ்சு விசிறியின் வழியைத் திறந்து, விசிறியை இயக்கிப் பம்பியை நிறுத்துகிறான். அமுக்கம் தணிகிறது. விடிகாலையிற் கருநிறப் பிசின் வழமைபோல் வடிகிறது.

இக்கதையின் உயிர்நாடியாக விளங்குவது கந்தகத்தின் இயல்பேயாம். எட்டு அணுக்கள் கொண்ட வளையங்களாலான கந்தகம் ஏறத்தாழ 115 முதல் 119 பாகை சதமவளவில் உருகி, இளகிய மஞ்சள் திரவமாகும். ஏறத்தாழ 160 பாகையில் வளையங்கள் அறுந்து, அறுந்த முனைகள் ஒன்றோடொன்று பிணைந்து நெடுஞ்சங்கிலிகளாகின்றன. சூடேறச் சூடேற இளகவேண்டிய திரவம், மாறாகத் தடித்துப் பிசுக்குமை மிகுந்து நிற்கிறது. அறுந்த அம்முனைகளே அதன் வீரியம். இரட்டைப் பிணைப்புள்ள சேதனப் பொருள்களை அவை குறுக்கே பிணைக்கும். இறப்பரை வல்கனைசுப்படுத்துவதும் இவ்வியல்பே. வெப்பம் மேலும் உயரின் அவை சேதனப் பொருளினின்று ஐதரசனைப் பறித்து ஐதரசன் சல்பைட்டு வாயுவைத் தோற்றுவிக்கும். அழுகிய முட்டை நாற்றமுடைய அவ்வாயு, காற்றிற் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ நூறு பங்கை எட்டியதும் மணமறியும் ஆற்றலையே மழுங்கச்செய்யும். மேலும் பன்மடங்கு பெருகின் உயிரைப் போக்கும். தடித்த திரவத்துள் வாயு பிறப்பின் நுரை பொங்குதல் இயல்பு. லன்சாவின் குழாய் அடைபட்டமைக்கு இதுவே காரணமாயிருத்தல் கூடும். கதையோ காரணம் கூறவில்லை.

லேவி இரசாயனவியலாளர், காரணத்தை ஊகிக்க இயலாதவர் அல்லர். எனினும் லன்சாவின் அறிவெல்லையைத் தாண்டி ஓர் அடியும் அவர் வைக்கவில்லை. லன்சா அறிவது அந்த ‘அழுக்கான’ நாற்றத்தை. பாதிரியார் கூறிய நரகத்தை. இக்கட்டுப்பாடு கலை நோக்கிற் பெருஞ் சிறப்புடையது. விளக்கத்தொடங்கியிருப்பின் கதை பாடநூலாகியிருக்கும். தொழிலாளியும் உதாரணமாகச் சுருங்கியிருப்பான்.

கதையைப் போற்றுவோர் வழமையாகச் சுட்டும் இடம் வெப்பமானி பற்றியது. அது ஐந்து பாகை குறைத்துக் காட்டும். 95 பாகையில் முள் நிற்பது சரியே என்பதை ஆலையில் லன்சா ஒருவனே அறிவான். வேறொருவனாயின் குறிப்பேட்டிலுள்ள 100 பாகையை எட்டத் தீயைக் கூட்டியிருப்பான். கைப்பழக்கத்தாற் பெற்ற அறிவின் மேன்மைக்கு இது சிறந்த சான்றே. 1978 இல் வெளிவந்த மற்றொரு நூலிலும், தான் செய்யும் தொழிலை நேசிப்பதே மனிதனுக்குக் கிட்டக்கூடிய இன்பங்களுட் சிறந்தது என்னும் கருத்தை லேவி வளர்த்துச்செல்கிறார்.

ஆயின் அதே செய்தியை மறுபுறமிருந்து நோக்குதல் வேண்டும். வெப்பமானியின் பிழையை ஒருவன் மட்டும் அறிந்திருக்கும் ஆலை எத்தகைய ஆலை? அவன் நோயுற்ற இரவில் அக்கொதிகலன் முன் நிற்பவனின் கதி யாது? கதையின் இறுதி இவ்வினாக்களை மேலும் கூர்மைப்படுத்துகிறது. விடியலில் லன்சா வாயிலிற் கார்மினே என்பவனைச் சந்திக்கிறான். எல்லாம் நன்றாக நடக்கிறது என்று கூறி, வேலைக் குறிப்புகளைக் கொடுத்துவிட்டுத் தன் துவிச்சக்கரவண்டிக்குக் காற்றடிக்கத் தொடங்குகிறான். அடைபட்ட குழாய் பற்றியோ நுரை பற்றியோ அவன் வாய்திறந்ததாகக் கதை காட்டவில்லை. யாரிடமேனும் சொல்லவேண்டும் என்று சற்று முன்னர் அவனுள் எழுந்த ஆவல் வாயிலுக்கு வருமுன்பே அடங்கிவிடுகிறது. உயிரைப் பணயம் வைத்துப் பெற்ற அறிவு ஓர் இரவோடு முடிகிறது. கதையை உழைப்பின் வெற்றியாக மட்டும் காண்போர் இவ்விறுதி வாக்கியத்தைப் படியாதோரே.

இம்மௌனம் லன்சாவுக்கு மட்டும் உரியதன்று. கந்தகச் சேர்வைகளின் கைத்தொழில் வரலாற்றிலும் அது உண்டு. 1846 இல் அலெக்சாந்தர் பாக்சு இறப்பரைச் சூடாக்காது வல்கனைசுப்படுத்தும் முறையைக் கண்டார். கந்தகக் குளோரைட்டைக் காபனிருசல்பைட்டிற் கரைத்து அதில் இறப்பரைத் தோய்ப்பதே அம்முறை. பாரிசு நகரின் சிறு பட்டறைகளில் அக்கரைசலின் ஆவியைச் சுவாசித்தோர் தலைவலி, நினைவிழப்பு, நரம்புத் தளர்ச்சி, மனக்குழப்பம் ஆகியவற்றுக்கு ஆளாயினர். பிரெஞ்சு மருத்துவர் ஒகுஸ்து தெல்பெச் 1856 இல் இதனை எடுத்துரைத்தார். அவ்வாறிருந்தும், இருபதாம் நூற்றாண்டில் அதே காபனிருசல்பைட்டு விசுக்கோசுச் செயற்கைப் பட்டு ஆலைகளுட் பெருமளவிற் புகுந்தது. அதே நோய்களும் உடன் புகுந்தன. அறிவு இருந்தது, அது கொதிகலன் முன் நின்றவனைச் சென்றடையவில்லை.

இந்நிலையில் ‘பி 41’ என்னும் குறியீடு புதிய பொருள் பெறுகிறது. முதலாளி மறைத்த பெயரை அனைவரும் அறிவர். ஆகவே அம்மறைப்பு நகைப்புக்கிடமானது. உண்மையில் மறைந்திருந்தது பெயரன்று, இயல்பு. 180 பாகையில் அப்பொருள் என்னவாகும், எவ்வாயுவை விடும், எப்போது நுரைக்கும் என்பதை லன்சாவுக்கு எவரும் கூறியதாகக் கதையில் இல்லை. முதலாளி விலக்கிய பெயரையே ஆசிரியர் தம் கதைக்குத் தலைப்பாக இட்டிருப்பது கருதத்தக்கது. பெயரை அவர் மீட்டுத் தருகிறார். இயல்பை அறியும் கடமையை வாசகனிடம் விடுகிறார்.

தமிழில் அறிவியல் பயில்வோருக்கு இது அயல்நாட்டுச் செய்தி மட்டுமன்று. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீனின் முயற்சியால் ‘கெமிஸ்தம்’ 1875 இல் வெளிவந்த காலந்தொட்டு, பொருள்களுக்கு எப்பெயர் இடுவது என்பதில் தமிழறிஞர் பெரிதும் உழைத்துள்ளனர். கந்தகமா, சல்பரா என்னும் விவாதம் பயனற்றதன்று. ஆயினும் இலங்கையின் இறப்பர்த் தோட்டங்களில் இலைநோய்க்குக் கந்தகத்தூள் தூவியவர்களுக்கு அதன் பெயர் தெரியாமலிருக்கவில்லை. பெயரோடு இயல்பையும் உழைப்பவனிடம் கொண்டுசேர்க்காத கலைச்சொல், எத்துணைத் தூய தமிழாயினும், மற்றொரு ‘பி 41’ ஆகவே எஞ்சும்.