ரஸ்ட் நிரல்மொழி: ஒரு திறனாய்வு

ரஸ்ட் என்பது இயங்குதளம், உலாவி, சாதன இயக்கி போன்ற அடித்தள மென்பொருள்களை எழுதுவதற்காக உருவான திறமூல நிரல்மொழி. இவ்வகை மொழிகளை அமைப்பு நிரல்மொழிகள் என்பர். கிரேடன் ஹோர் 2006இல் தம் சொந்த முயற்சியாக இதைத் தொடங்கினார். முதல் நிலையான பதிப்பு 2015 மே 15 அன்று வெளிவந்தது. ரஸ்ட்டைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் அதன் வேகத்தையும் பாதுகாப்பையும் பேசுகின்றன. இக்கட்டுரை வேறொரு கேள்வியை எடுத்துக்கொள்கிறது. நிரல் எழுதுபவர் தவறு செய்யும்போது, மொழியும் அதன் கருவிகளும் அவருக்கு என்ன சொல்கின்றன? ரஸ்ட்டின் சிறப்பு, குறை இரண்டையும் அளப்பதற்கு இதுவே பொருத்தமான அளவுகோல்.

தோற்றம்

ஹோர் கனடாவின் வான்கூவர் நகரில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வசித்தார். அங்கிருந்த மின்தூக்கி மென்பொருள் கோளாறால் நின்றுபோக, 21ஆம் மாடிக்குப் படியேற நேர்ந்தது. இத்தகைய கோளாறுகள் பலவற்றுக்கு நினைவகத்தைக் கையாள்வதில் ஏற்படும் பிழையே காரணம் என்பதை அறிந்திருந்த அவர், புதிய மொழி ஒன்றை வடிவமைக்க முற்பட்டார். தாவரங்களைத் தாக்கும் துருப் பூஞ்சையின் பெயரையே மொழிக்கு வைத்தார். எளிதில் அழியாத உயிரினம் என்பது அதற்கு அவர் சொன்ன காரணம்.

அவர் பணியாற்றிய மொசில்லா நிறுவனம் 2009இல் இத்திட்டத்துக்கு ஆதரவளித்தது. முதல் கம்பைலர் ஓகேமல் மொழியில் எழுதப்பட்டது. 2011இல் ரஸ்ட்டிலேயே எழுதப்பட்ட கம்பைலர் தன்னைத் தானே பெயர்த்துக்கொள்ளும் நிலையை அடைந்தது. ஹோர் 2013இல் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். தொடக்கத்தில் மொழியில் இருந்த சில வசதிகள், குறிப்பாகத் தானியங்கிக் குப்பை சேகரிப்பு, முதல் பதிப்புக்கு முன்பே நீக்கப்பட்டன. சேர்த்ததைப் போலவே நீக்கியதாலும் உருவான மொழி இது.

2020 ஆகஸ்டில் மொசில்லா ஏறத்தாழ 250 பேரைப் பணிநீக்கம் செய்தது. ரஸ்ட்டில் எழுதப்பட்ட சர்வோ உலாவி இயந்திரத்தின் குழுவும் அதில் கலைந்தது. 2021 பிப்ரவரியில் ரஸ்ட் அறக்கட்டளை அமைந்தது. ஒரு நிறுவனத்தின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருந்த மொழி பொது அமைப்பு ஒன்றின் கீழ் வந்தது, காலம் தாழ்ந்தாலும் சரியான மாற்றமே.

தீர்க்க வந்த சிக்கல்

சி மொழி 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சியால் உருவாக்கப்பட்டது. நிரலர் கவனமாக இருப்பார் என்று நம்பும் மொழி அது. பெற்ற நினைவகத்தை அவரே திருப்பித் தர வேண்டும். தந்த பிறகு தொடக்கூடாது. அணியின் எல்லையைத் தாண்டக்கூடாது. இவற்றை மீறினால் பெரும்பாலும் மொழி எதுவும் சொல்லாது.

அந்த மௌனத்தின் விலையை 2014இல் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் குறைபாடு காட்டியது. ஓபன்எஸ்எஸ்எல் நிரலில், எத்தனை பைட்டுகளைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று மறுமுனையில் இருப்பவர் சொல்லும் எண் சரிபார்க்கப்படவில்லை. ஆகவே ஒவ்வொரு முறையும் 64 கிலோபைட் வரை வழங்கியின் நினைவகம் வெளியே கசியக்கூடியதாக இருந்தது. இது திறமையற்றவர் செய்த பிழையன்று. தம் பாதுகாப்புக் குறைபாடுகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு நினைவகம் சார்ந்தவை என்று மைக்ரோசாஃப்ட் 2019இல் கூறியது. குரோமியம் உலாவித் திட்டமும் தன் கடுமையான பாதுகாப்புப் பிழைகளில் இதே அளவைக் கண்டது. பல ஆண்டுகளாக, பல திறமைசாலிகளிடம், ஒரே பிழை திரும்பத் திரும்ப வருகிறதென்றால் குறை பிழை செய்தவரிடம் மட்டும் இல்லை. ஒரு வகுப்பே ஒரே கணக்கைத் தவறாகப் போட்டால் ஆசிரியர் தம் பாடத்தைத்தான் முதலில் திரும்பிப் பார்க்க வேண்டும். ரஸ்ட் அப்படித் திரும்பிப் பார்த்த மொழி.

உரிமையும் இரவலும்

ரஸ்ட் தரும் விடை உரிமை விதி. ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரே ஓர் உரிமையாளர் உண்டு. உரிமையாளரின் காலம் முடிந்ததும் அந்த நினைவகம் தானே விடுவிக்கப்படும். உரிமையை இன்னொருவருக்குக் கைமாற்றலாம். மாற்றிய பின் பழையவர் அதைத் தொட முடியாது. உரிமையை மாற்றாமல் இரவலும் தரலாம். படிக்க மட்டும் என்றால் ஒரே நேரத்தில் பலருக்கு இரவல் தரலாம். திருத்துவதற்கு என்றால் ஒருவருக்கு மட்டுமே. அப்போது வேறு எவரும் படிக்கவும் கூடாது. வகுப்பில் ஒரு நோட்டைப் பலர் சுற்றி நின்று படிக்கலாம், ஆனால் இருவர் ஒரே பக்கத்தில் எழுதினால் குழப்பம்தான் என்பதைப் போன்றது இது.

இவ்விதிகளைக் கம்பைலர் நிரல் ஓடும் முன்பே சரிபார்க்கிறது. ஆகவே இச்சரிபார்ப்பால் ஓடும்போது வேகம் குறைவதில்லை. மனிதக் கவனத்தின் மீது இருந்த சுமையை, விடாமல் சரிபார்க்கும் கருவியின் மீது மாற்றியதே இம்மொழியின் முதன்மையான பங்களிப்பு.

கம்பைலரின் பேச்சு

மறுக்கும் கம்பைலர் பல மொழிகளுக்கும் உண்டு. ஏன் மறுக்கிறது என்று சொல்வதில்தான் ரஸ்ட் வேறுபடுகிறது. கைமாறிப்போன சரத்தை மீண்டும் பயன்படுத்தினால் வரும் 0382ஆம் எண் பிழையை எடுத்துக்கொள்வோம். செய்தி நிரலின் மூன்று இடங்களைக் கோடிட்டுக் காட்டுகிறது: மாறி எங்கே உருவானது, உரிமை எங்கே கைமாறியது, அதன் பிறகு எங்கே தொடப்பட்டது. கீழே, இப்படி மாற்றிப் பார்க்கலாம் என்று ஒரு யோசனையும் வருகிறது. பிழை எண்ணைக் கொடுத்துக் கேட்டால் எடுத்துக்காட்டுடன் நீண்ட விளக்கம் கிடைக்கிறது. 2016இல் இச்செய்திகளின் வடிவம் முழுமையாக மாற்றியமைக்கப்பட்டது. புரியாத பிழைச்செய்தியையே ஒரு வழுவாகக் கருதிப் பதிவுசெய்யும் வழக்கமும் இத்திட்டத்தில் உண்டு.

விடைத்தாளில் வெறும் சிவப்புச் சுழி இடுவதற்கும், எந்த வரியில் எதனால் தவறினாய் என்று ஓரத்தில் எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு இது. முதலாவது மதிப்பெண்ணைக் குறைக்கும், இரண்டாவது கற்பிக்கும்.

ஆனால் இந்த நற்பண்பிலேயே ஒரு பொறியும் இருக்கிறது. மேற்சொன்ன பிழைக்குக் கம்பைலர் அடிக்கடி தரும் யோசனை, மதிப்பைப் படியெடுத்துக்கொள் என்பது. அப்படிச் செய்தால் பிழை மறைந்துவிடும். தொடக்கநிலையினர் நிரல் முழுவதும் படியெடுத்துக்கொண்டே போவதற்கு இதுவும் ஒரு காரணம். நிரல் ஓடுகிறது, உரிமை என்றால் என்ன என்பது மட்டும் பதியவில்லை. விடைக்குறிப்பைப் பார்த்து எழுதிய மாணவனின் நிலை இது. பிழையைப் போக்கும் வழியைச் சொல்வது ஒன்று, சரியான வடிவத்தைச் சிந்திக்க வைப்பது இன்னொன்று. ரஸ்ட்டின் செய்திகள் முதலாவதை மிக நன்றாகச் செய்கின்றன. இரண்டாவது இன்னும் மனித ஆசிரியரின் வேலையாகவே இருக்கிறது.

பிற கருவிகள்

சி, சி++ திட்டங்களில் நிரலைக் கட்டும் முறை திட்டத்துக்குத் திட்டம் மாறுவது வழக்கம். ரஸ்ட்டில் கார்கோ என்ற ஒரே கருவி நிரலைக் கட்டுகிறது, சோதிக்கிறது, வெளி நூலகங்களைக் கொண்டுவருகிறது, ஆவணங்களையும் உருவாக்குகிறது. ரஸ்ட்எஃப்எம்டி எழுத்து நடையைச் சீராக்குகிறது. கிளிப்பி, பிழையல்லாத ஆனால் செம்மையற்ற வழக்கங்களைச் சுட்டுகிறது.

இவற்றில் தனித்துப் பாராட்ட வேண்டியது ஆவணச் சோதனை. நூலகத்தின் விளக்கக் குறிப்பில் எழுதப்படும் எடுத்துக்காட்டு நிரல்களைக் கார்கோ சோதனையின்போது உண்மையாகவே ஓட்டிப் பார்க்கிறது. எடுத்துக்காட்டு காலாவதியாகிவிட்டால் சோதனை தோற்கும். பாடநூலில் தவறாக அச்சான எடுத்துக்காட்டுக் கணக்கால் ஒரு வகுப்பே தடுமாறுவதைக் கண்டவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு வந்தும் பழைய நிரல்கள் பெரிதும் உடையாமல் இருப்பதற்கும் ஒரு கருவியே துணை. கிரேட்டர் என்னும் அது, கிரேட்ஸ்.ஐஓ தளத்திலுள்ள நூலகங்களைப் புதிய கம்பைலரில் கட்டிப் பார்த்து எது உடைகிறது என்று சொல்கிறது.

குறைகள்

முதலாவது, கற்கும் சுவர். தரவுக் கட்டமைப்புப் பாடத்தில் தொடக்கத்திலேயே வரும் இருவழி இணைப்புப் பட்டியலை ரஸ்ட்டில் எழுதுவது கடினம். ஒரு கணுவை முன்னும் பின்னும் இரு கணுக்கள் சுட்டும்போது உரிமையாளர் யார் என்ற கேள்விக்கு எளிய விடை இல்லை. நினைவகம் என்றால் என்ன என்பதை முதலில் சி மொழியில் பட்டறிந்தவருக்கே ரஸ்ட்டின் விதிகள் எதற்காக என்பது விளங்குகிறது.

இரண்டாவது, காத்திருப்பு. கம்பைலர் மெதுவானது. கட்டும்போது உருவாகும் இடைக்கோப்புகள் ஒரு நடுத்தரத் திட்டத்திலேயே பல கிகாபைட் இடத்தைப் பிடிப்பதுண்டு. குறைந்த திறனுள்ள கணினியில் கற்பவரை இது முதலில் பாதிக்கிறது.

மூன்றாவது, சார்பு நூலகங்களின் பெருக்கம். கார்கோ எளிதாக்கியதாலேயே சிறு நிரலும் நூற்றுக்கணக்கான வெளி நூலகங்களை இழுத்துவரலாம். அவற்றுள் சில, கட்டும் நேரத்திலேயே நம் கணினியில் தம் நிரலை ஓட்டக்கூடியவை. நினைவகத்தில் எதையும் நம்பாத மொழி, இங்கே முன்பின் தெரியாதவரை எளிதில் நம்புகிறது.

நான்காவது, பாதுகாப்பு என்ற சொல் தரும் மயக்கம். 2025 நவம்பர் 18 அன்று கிளவுட்ஃபிளேர் சேவை முடங்கி உலகெங்கும் பல தளங்கள் திறக்கவில்லை. வழக்கத்தைவிடப் பெரிதாகிவிட்ட ஒரு கோப்பை ஏற்கும் இடத்தில், பிழை வராது என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட ரஸ்ட் வரி நிரலை நிறுத்திவிட்டது. நினைவகம் கசியவில்லை, அந்த வகையில் மொழி தன் வாக்கைக் காப்பாற்றியது. ஆனால் சேவை நின்றது. பிழை நேரலாம் என்று மொழி வெளிப்படையாகவே சொல்லியும், "நேராது" என்று ஒரே சொல்லில் கடந்துபோகும் வழியையும் அதே மொழி தருகிறது.

தமிழ் எழுத்தும் ரஸ்ட்டும்

2021 ஜூனில் வந்த 1.53 பதிப்பிலிருந்து மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் தமிழிலேயே பெயரிடலாம். சரங்கள் யூடிஎஃப்-8 முறையில் வைக்கப்படுகின்றன. இங்கே ஒரு சோதனை பயன்தரும். "தமிழ்" என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் ரஸ்ட் 15 என்கிறது, அது பைட்டுகளின் எண்ணிக்கை. குறியீடுகளாக எண்ணச் சொன்னால் 5 என்கிறது. நாம் எண்ணும் மூன்று எழுத்துகளைப் பெற வெளி நூலகம் ஒன்று வேண்டும்.

அச்சரத்தின் முதல் ஒரு பைட்டை மட்டும் வெட்டினால் நிரல் நின்று, வெட்டு "த" என்ற எழுத்தின் நடுவே விழுகிறது என்று எழுத்தின் பெயரோடு சொல்கிறது. மிக நல்ல செய்தி. ஆனால் முதல் ஆறு பைட்டுகளை வெட்டினால் "தம" என்று கிடைக்கிறது. "மி" சிதைந்து இகரக் குறியை இழந்தது பற்றி ஒரு சொல்லும் இல்லை. யூனிகோடின் எல்லையைக் காக்கும் மொழி, தமிழ் எழுத்தின் எல்லையைக் காப்பதில்லை. பிற நிரல்மொழிகள் பலவற்றிலும் இதே நிலைதான். எனினும் பிழையைப் பேசித் திருத்துவதையே தன் அடையாளமாகக் கொண்ட மொழியிடம் இந்த மௌனம் உறுத்துகிறது.

இதைவிடப் பெரியது செய்திகளின் மொழி. பிழைச்செய்திகளைப் பிற மொழிகளில் பெயர்க்கத்தக்கவையாக மாற்றும் முயற்சி 2022இல் தொடங்கியது. ஆனால் நிலையான பதிப்பில் செய்திகள் ஆங்கிலத்திலேயே வருகின்றன. சி மொழியின் பிழைச்செய்தி பெரும்பாலும் சுருக்கமானது. அதை யாரும் மனப்பாடமாகத் தெரிந்துகொள்ளலாம். ரஸ்ட்டின் செய்தியோ பத்தி பத்தியான உரைநடை. அதன் வலிமை விளக்கத்தில் இருப்பதால், ஆங்கிலம் தடுமாறும் மாணவருக்கு இழப்பும் அங்கேதான் மிகுதி. மிகச் சிறந்த ஓரக்குறிப்பு எழுதும் ஆசிரியர், தனக்குப் புரியாத மொழியில் எழுதுகிறார் என்றால் மாணவருக்கு மிஞ்சுவது பழைய சிவப்புச் சுழி மட்டுமே. அடிக்கடி வரும் சில பிழைகளுக்கேனும் தமிழில் விளக்கம் எழுதிவைப்பது தமிழ் ஆர்வலர்களால் இயலாத வேலையன்று.

மதிப்பீடு

ஆண்ட்ராய்டில் நினைவகம் சார்ந்த பாதுகாப்புக் குறைபாடுகளின் பங்கு 2019இல் 76 விழுக்காடாக இருந்து 2024இல் 24 விழுக்காடாகக் குறைந்தது. பழைய நிரலைத் தூக்கி எறிந்ததால் வந்த பயன் அன்று இது. புதிதாக எழுதுவதை ரஸ்ட், கோட்லின், ஜாவா போன்ற பாதுகாப்பான மொழிகளில் எழுதியதால் வந்தது. 2022 டிசம்பரில் லினக்ஸ் கருவத்தின் 6.1 பதிப்பிலும் ரஸ்ட் இடம்பெற்றது. அடித்தள மென்பொருளில் கவனக்குறைவின் விலை குறையும் என்பது இனி வெறும் நம்பிக்கை அன்று.

ஆயினும் ரஸ்ட்டைச் சி மொழிக்கு மாற்று என்று மட்டும் பார்ப்பது குறைவான மதிப்பீடு. பிழை செய்பவரைக் குற்றவாளியாக்காமல் கற்பவராக நடத்தும் கருவிகள் தொழில்முறை மென்பொருளிலும் இயலும் என்று அது காட்டியது. அந்த மரியாதை எல்லா மொழியினருக்கும் எட்டும்போதுதான் அதன் பணி நிறைவுபெறும்.