அட்டை மேடையை அச்சிட்டவர்கள்

லண்டனில் வில்லியம் வெஸ்ட் 1811இல் நாடகப் பாத்திரங்களைத் தாளில் அச்சிட்டு விற்கத் தொடங்கினார். வாங்கியவர்கள் பெரும்பாலும் நாடகப் பித்துப் பிடித்தவர்கள். விரைவிலேயே மேடை முகப்பு, படுதா, பக்கத் தட்டி, சுருக்கிய வசனப் புத்தகம் எல்லாம் சேர்ந்துகொண்டன. சிறுவர்கள் தாளை அட்டையில் ஒட்டிக் கத்தரித்து, உருவங்களைக் கம்பியில் செருகி, முழு நாடகத்தையும் வீட்டுக்குள்ளேயே நடத்தினார்கள். வண்ணமில்லாத தாள் ஒரு பென்னி. கையால் வண்ணம் தீட்டியது இரண்டு பென்னி.

இந்த ஆங்கில மரபின் பெருமை, அது அசல் மேடையைப் பிடித்து வைத்ததுதான். ஓவியர்கள் அரங்குக்கே போய் நடிகரின் உடையையும் நிற்கும் தோரணையையும் பார்த்து வரைந்தார்கள். அதைச் செப்புத் தகட்டில் செதுக்கினார்கள். ஒரே வீரன் ஒரு தாளில் கத்தி உருவி நிற்பான், மண்டியிடுவான், மாண்டு கிடப்பான். காட்சி மாறும்போது உருவத்தையும் மாற்ற வேண்டுமே! கோவன்ட் கார்டனில் 1813இல் அரங்கேறிய 'தி மில்லர் அண்ட் ஹிஸ் மென்' நாடகத்தின் முடிவில் ஆலை வெடித்துச் சிதறும். அட்டை மேடையில் அதைவிட அதிகம் விரும்பப்பட்ட நாடகம் இல்லை. புகைப்படம் வராத காலத்து நடிப்பை அறிய இத்தாள்கள் அரிய சான்று.

லண்டனில் இதே தாள்களை அச்சிட்ட ஸ்கெல்ட் குடும்பத்தின் மலிவுத் தாள்களை எழுத்தாளர் ஆர்.எல்.ஸ்டீவன்சன் 1884இல் ஒரு கட்டுரையில் கொண்டாடினார். அவருடைய பாசம் புரிகிறது. ஆனால் கோட்டின் நயத்தில் வெஸ்டுக்கு ஈடு யாருமில்லை என்பதே என் தீர்ப்பு.

இங்கிலாந்துக்கு வெளியே, வியன்னாவில் ட்ரென்ட்சென்ஸ்கி, மைன்ஸில் ஷோல்ஸ், எஸ்லிங்கனில் ஷ்ரைபர் ஆகிய பதிப்பாளர்கள் அட்டை மேடைத் தாள்களைக் கல்லச்சில் அச்சிட இறங்கினார்கள். தேவதைக் கதைகள், ஷில்லரின் 'வில்லியம் டெல்' போன்ற நாடகங்கள், பிள்ளைகளுக்குப் பண்பு ஊட்டும் நோக்கம் என்று அவர்கள் வழி வேறு. ஷ்ரைபரின் காடும் கோட்டை மண்டபமும் ஆழம் காட்டுவதில் லண்டன் படுதாக்களை மிஞ்சிவிடும். ஆனால் பாத்திரங்களுக்குத் தோரணைகள் குறைவு. அதனால் ஆட்டத்தில் வேகம் குறைகிறது. கோபன்ஹேகனில் ஆல்ஃபிரட் யாகோப்சன் 1880இல் தொடங்கிய வரிசையால் டென்மார்க்கில் அட்டை மேடை குடும்பப் பொழுதுபோக்காகவே வேரூன்றியது.

லண்டன் ஹாக்ஸ்டன் தெருவில் அட்டை மேடைத் தாள்களை விற்ற ரெடிங்டனின் கடையை மருமகன் பெஞ்சமின் பொல்லாக் ஏற்று, 1937இல் மறையும்வரை பழைய நாடகங்களையே விடாமல் விற்றுவந்தார். இன்றும் இத்தாள்கள் நம் கைக்கு எட்டுகின்றன என்றால் அவருடைய பிடிவாதம் முக்கியக் காரணம்.

சேகரிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அசலைப் பத்திரமாக வையுங்கள். ஒரு நகலெடுத்து, அட்டையில் ஒட்டிக் கத்தரித்து, வீட்டுப் பிள்ளைகளோடு ஒருமுறையாவது நாடகம் போடுங்கள்.