பொல்லடியை எங்கிருந்து பார்ப்பது?

பொல்லடி பார்க்கப் போகிறவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு போவது நல்லது. 12 பேர் ஆடினால் கைகளில் 24 பொல்லுகள், அதாவது கம்புகள். அத்தனையும் ஒரே தட்டாக விழவேண்டும். ஒருவர் இமைப்பொழுது பிந்தினாலும் 'டக்' என்பது 'டடக்' என்றாகிவிடும். களத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதைத்து நிற்பவருக்குக்கூட அந்தப் பிசகு கேட்டுவிடும்.

ஒலுவில், அக்கரைப்பற்று, நிந்தவூர், மருதமுனை என்று நீளும் கிழக்கிலங்கையின் அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களின் ஆட்டம் இது. களிகம்பு என்றும் சொல்வார்கள். கலியாணம், சுன்னத்து, ஊருக்கு வரும் பெரிய மனிதர்களுக்கு வரவேற்பு என எல்லாவற்றுக்கும் பொல்லடி உண்டு. கிழக்கில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோகிறவர். அதனால் அவரை அழைத்துப் போகும் ஊர்வலம் பெரிய விசயம். அதற்கு முன்னால் பொல்லடி போனால் தெருவே திரண்டுவிடும்.

ஆட்டத்தின் கடிவாளம் ஆசானாகிய அண்ணாவியார் கையில். கூத்துக்கு அண்ணாவியார் இருப்பதுபோலவே இதற்கும் இருக்கிறார். அவர் தாளத்தைத் தட்டி ஓரடி பாட, ஆடுபவர்கள் அதை வாங்கிப் பாடிக்கொண்டே அடிக்கிறார்கள். இறைவனையும் நபிகளாரையும் புகழ்வதில் தொடங்கும் பாட்டு, போகப் போகக் கலகலப்பாகும். முதலில் நிதானமான நடை. தன் பொல்லோடு தன் பொல்லு, பிறகு வலப்பக்கத்தாருடன், பிறகு இடப்பக்கத்தாருடன். அண்ணாவியார் காலத்தைக் கூட்டியதும் வட்டம் இரண்டாகப் பிரிகிறது. ஒரு சாரார் உள்ளே புக, மறுசாரார் வெளியே வர, எதிரெதிர்த் திசையில் ஒருவரையொருவர் பின்னிக்கொண்டு போகிறார்கள். அந்த வேகத்தில் குனிந்து ஓர் அடி, திரும்பி ஓர் அடி.

இதில் உற்றுப் பார்க்கவேண்டியது மணிக்கட்டை. தேர்ந்த ஆட்டக்காரர் தோளை வீசி அடிப்பதில்லை, மணிக்கட்டைச் சுண்டுகிறார். பொல்லை இறுக்கிப் பிடித்தால் மரம் பேசாது, சத்தம் மொத்தென்று விழும். விரல்களுக்குள் கொஞ்சம் விளையாட விட்டால்தான் வைரம் பாய்ந்த மரம் கணீரென்று ஒலிக்கும். அந்த ஒலிக்காகவே இந்த ஆட்டத்தைப் பார்க்கலாம்.

ஆட்டத்தை எங்கிருந்து பார்ப்பது என்பதற்கு இன்னோர் ஆட்டத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பொல்லடியைப் போலவே, பசிபிக் கடலின் நடுவே ஹவாய்த் தீவுகளில் ஆடப்படும் ஹுலாவிலும் பாட்டுத்தான் முதலாளி. இரண்டு சுரைக்குடுக்கைகளைப் பொருத்திச் செய்த வாத்தியத்தைத் தட்டிக்கொண்டு ஆசான் ஓதுகிறார். ஆடுபவர்கள் அந்தச் சொல்லைக் கையால் வரைகிறார்கள். கிறிஸ்தவத்தைத் தழுவிய அரசி கஅஹுமனு 1830இல் ஹுலாவைப் பொது இடங்களில் தடைசெய்தார். 1883இல் மன்னர் கலாகௌவா தம் முடிசூட்டு விழாவில் அதை மறுபடி அரங்கேற்றினார். அவருடைய பட்டப்பெயரைத் தாங்கி ஹிலோ நகரில் 1964இல் தொடங்கிய விழா இன்று உலகறிந்த ஹுலா திருவிழா. அதே ஊரில் 1925இல் கட்டப்பட்டுப் பின்னர் சீரமைக்கப்பட்ட பலஸ் தியேட்டரிலும் ஹுலா ஆடுகிறார்கள். அந்தப் பழைய அரங்கு ஹுலாவுக்குப் பொருந்திப்போவதற்குக் காரணம் உண்டு. ஹுலாக்காரர்கள் பெரும்பாலும் வரிசையாக நின்று பார்ப்பவர் முகத்தைப் பார்த்தே ஆடுகிறார்கள்.

பொல்லடிக்காரர்களோ ஆளையாள் பார்த்து ஆடுகிறவர்கள். படச்சட்டம் போன்ற மேடையில் அவர்களை ஏற்றினால் முன்வரிசைக்குத் தெரிவது பாதிப்பேரின் முதுகுதான். பின்னல் எங்கே நடக்கிறது என்று யாருக்கும் பிடிபடாது. வட்டக்களரியில் ஆடிய மட்டக்களப்புக் கூத்துக்கும் இந்தச் சிக்கல் வந்தது. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதை நவீன மேடைக்குக் கொண்டுபோனபோது, ஒரு பக்கம் மட்டும் பார்வையாளர் இருக்கும் மேடைக்கு ஏற்ப நேரத்தையும் நகர்வையும் திருத்தினார். கேரளத்து மாப்பிள்ளை முஸ்லிம்களின் கம்பாட்டமான கோல்களியும் பள்ளிக் கலைவிழாவான கலோத்சவத்தில் மேடையேறி, நெருக்கமான ஒழுங்கோடு ஆடப்படுகிறது. அதனால் அங்கே ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குக் கோல்களி தெரியும். கிழக்கிலங்கையிலோ பழைய அண்ணாவிமார் குறைந்துவருகிறார்கள். ஆடல் பாடல் பற்றிய மார்க்க ரீதியான தயக்கமும் சில இடங்களில் உண்டு.

கூத்துக்குப் பேராதனை கிடைத்ததுபோல், பொல்லடிக்கு ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பொல்லடிக்கு ஏற்ற இடம் அதன் மண்டப மேடையை விட அதன் திறந்த வளவுதான். தரையில் களம், சுற்றிவரக் கதிரைகள், ஒலிவாங்கி அண்ணாவியாருக்கு மட்டும். பொல்லுகளுக்கு அது வேண்டாம். அண்ணாவிமார் குறைந்துவருவதால் ஆட்டத்தைப் பதிவுசெய்யவும் வேண்டும். பாட்டுகளை எழுதி வைத்தால் மட்டும் போதாது, எந்த அடிக்கு எந்தக் கால் என்பதும் பதிவாகவேண்டும். அதற்கு மாடியிலிருந்து கீழ்நோக்கி ஒரு கமெராவும், மணிக்கட்டுகளின் உயரத்தில் இன்னொன்றும் வைத்து, அண்ணாவியார் காலத்தை மெதுவாக்கி ஒருமுறை, வழமையான வேகத்தில் ஒருமுறை என ஒவ்வோர் ஆட்டத்தையும் எடுத்துவைக்கலாம்.