விடுதியில் கற்றதற்குப் புள்ளி யார் போடுவது?

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர்கள். அமெரிக்க மிஷனரிமார் 1823இல் தொடங்கிய அந்தச் செமினரியில் மாணவர்கள் அங்கேயே தங்கி, உண்டு, படித்தார்கள். லண்டனைப் பார்த்து 1857இல் அமைந்த சென்னைப் பல்கலைக்கழகமோ அப்போது பாடம் நடத்தவில்லை. பரீட்சை மட்டும் வைத்தது. யாரோடு தங்கினாய், யாரோடு சாப்பிட்டாய் என்று அதன் வினாத்தாள் கேட்கவில்லை. கூடி வாழ்ந்து கற்பது ஓரிடம், புள்ளி போடுவது வேறிடம் என்ற அந்தப் பிரிவு இலங்கை, இந்தியா ஆகிய இரு நாடுகளிலும் இன்றுவரை நீடிக்கிறது.

1942இல் உருவான இலங்கைப் பல்கலைக்கழகத்தை மாணவர்கள் தங்கிப் படிக்கும் இடமாகவே அதன் முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் கனவு கண்டார். 1952இல் அது பேராதனைக்குப் பெயர்ந்தது. அருணாசலம், ஜயதிலக, ஹில்டா ஒபேசேகர என்று மண்டபங்கள் எழுந்தன. விரிவுரையாளர்களே வார்டன்களாக இருந்தார்கள். பின்னாளில் கலைப்பீடத்தில் சிங்களத்திலும் தமிழிலும் தனித்தனியே பாடம் நடக்கத் தொடங்கியபோது, இரு மொழி மாணவர்களும் ஒருவரையொருவர் தினமும் பார்க்கும் இடமாக மிஞ்சியவை விடுதியும் கன்ரீனும்தான். ஒரு தமிழ் மாணவி பட்டம் முடிப்பதற்குள் பக்கத்து அறைக்காரியின் சிங்களத்தை எவ்வளவு பிடித்துக்கொண்டாள்? அவளுக்கு இவள் தமிழ் எவ்வளவு போய்ச் சேர்ந்தது? அந்த நாட்டுக்கு இதைவிடப் பெரிய பரீட்சை இல்லை என்பேன். அதை யாரும் வைத்ததில்லை. 2012இல் வந்த இலங்கைத் தகைமைகள் சட்டகம் அறிவோடு மனப்பாங்கையும் குழுவாக உழைக்கும் திறனையும் பட்டத்தின் பேறுகளாகச் சேர்த்தது. ஆனால், அவற்றுக்குச் சான்று தேடுகிறவர்கள் வகுப்பறைக் குழு வேலையைத்தான் புரட்டுகிறார்கள். விடுதிப் பக்கம் போவதில்லை.

இந்தியாவில் கணக்கு வைப்பது அதிகம். 1937இல் தாம்பரத்துக்குப் போன சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேலையூர், செயின்ட் தாமஸ், பிஷப் ஹீபர் என ஒவ்வொரு விடுதிக்கும் மாணவர்களே தேர்ந்தெடுக்கும் நிர்வாகம் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் நதிகளின் பெயர் தாங்கிய ஹாஸ்டல்கள் ஷ்ரோட்டர் விளையாட்டுக் கோப்பைக்காக மோதுகின்றன. யார் வேகமாக ஓடினார்கள் என்பதைக் கோப்பை சொல்லும். மெஸ் கணக்கில் பணம் குறைந்தபோது யார் எழுந்து கேட்டார்கள் என்பதைச் சொல்லாது. பொறியியல் மாணவர்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ. வகுத்த 100 செயற்பாட்டுப் புள்ளிகளும், சான்றிதழ் சேர்க்கும் ஓட்டமாக மாறுவதற்கே வாய்ப்பு அதிகம்.

இரு நாடுகளும் விடுதியை உற்றுப்பார்க்க வேண்டிவந்தது பகிடிவதை (ராகிங்) மரணங்களால். 1996இல் சிதம்பரத்தில் ஒரு முதலாண்டு மருத்துவ மாணவர், 1997இல் பேராதனையில் ஒரு முதலாண்டுப் பொறியியல் மாணவர். இருவரும் தமிழர். தமிழ்நாடு 1997இலும் இலங்கை 1998இலும் பகிடிவதைக்கு எதிராகச் சட்டம் இயற்றின. 2009இன் யு.ஜி.சி. விதிகளின்படி இந்தியாவில் மாணவரும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். சட்டங்கள் தேவைதான். ஆனால், அதன்பின் விடுதியைப் பற்றிய அறிக்கை, நடக்காததைப் பற்றிய அறிக்கையாகச் சுருங்கிவிட்டது. ‘புகார் இல்லை’ என்றால் எல்லாம் நலம். வாயைத் திறக்காதே என்று மூத்தவர்கள் சொல்லிக்கொடுத்த பாடம் நன்றாகப் பதிந்திருந்தாலும் புகார் வராதுதானே.

விடுதி மாணவரின் புள்ளியை வீட்டிலிருந்து வருபவரின் புள்ளியோடு ஒப்பிட்டு, ‘விடுதி பயன் தருகிறது’ என்று நிறுவுவது எளிது; அதை நம்பக் கூடாது. இலங்கை அரசுப் பல்கலைக்கழகங்களில் வீட்டின் தொலைவும் குடும்ப வருமானமும் பார்த்து அறை தருகிறார்கள். தமிழ்நாட்டுத் தனியார் கல்லூரிகளில் கட்டணம் கட்ட முடிந்தவருக்கே ஹாஸ்டல். இரண்டு இடத்திலும் வருபவர்களே வேறு. விடுதி என்ன செய்தது என்பதை அந்த எண்களிலிருந்து பிரித்தெடுக்க முடியாது.

ஒரே மாணவரை அவரோடே ஒப்பிடலாம். சேர்ந்த மாதத்தில் ஒரு பக்கம், போகும் ஆண்டில் ஒரு பக்கம் எழுதச் சொல்லலாம்: அறையில் வந்த சண்டையை எப்படித் தீர்த்தாய், உன் மொழியோ சாதியோ மதமோ அல்லாத ஒருவரிடமிருந்து என்ன தெரிந்துகொண்டாய். கூடவே மெஸ் குழுவின் கணக்கேட்டையும் கூட்டக் குறிப்பையும் வாசிக்கலாம். அவற்றில் மதிப்பிட வேண்டியது விடுதியை, தனி மாணவரை அல்ல. அந்தப் பக்கங்களை வார்டனிடம் கொடுக்கவே கூடாது. அறையைத் தருவதும் பறிப்பதும் அவர் கையில் இருக்கும்வரை, சண்டையே வரவில்லை என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள்.