மணப்பாட்டில் மலரின் பொருள்

மணமகள் கையிலேந்தும் மலர்ச்செண்டுக்குப் பொருள் கூறும் வழக்கம் மேனாட்டில் வளர்ந்தது. 1819ஆம் ஆண்டு பாரிசில் வெளிவந்த சார்லொட் தெ லத்தூரின் நூல் மலர்களுக்கெல்லாம் பொருள் வகுத்தது. 1840இல் விக்டோரியா அரசியார் தம் திருமணத்தில் ஆரஞ்சுப் பூ அணிந்தபின் அம்மலர் ஆங்கில மணமகளிரிடையே பெருவழக்காயிற்று. தமிழகத்துக்கு வெளியே வாழும் நம் இல்லத் திருமணங்களிலும் இன்று செண்டு இடம்பெற்றுவிட்டது. 'நம் மணமலர்களுக்கு என்ன பொருள்?' என நம் மக்கள் வினவுகின்றனர். அதற்கு விடை காண அகநானூற்றை நாடுவோம்.

நல்லாவூர் கிழார் பாடிய 86ஆம் பாட்டில், புதல்வரைப் பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். நீரொடு சொரிந்த பூவிதழ்கள் நெல்லொடு கலந்து அவள் கூந்தலில் விளங்குகின்றன. விற்றூற்று மூதெயினனார் பாடிய 136ஆம் பாட்டிலோ, வாகையின் இலையும் அறுகின் முகையும் வெண்ணூலொடு சூட்டப்பெறுகின்றன.

இன்ன பூவுக்கு இன்ன பொருள் என்று புலவர் இருவரும் அகராதி வகுக்கவில்லை. நெல்லொடு சேர்ந்த பூ வளத்தை உணர்த்துகிறது. வாகைப்பூ புறத்திணையில் வெற்றிக்கு உரியது. ஈண்டு அதன் இலையே கொள்ளப்படுகிறது. அதனொடு இணையும் அறுகோ, கன்று கறித்த பின்னும் முதல்மழைக்கு அரும்பியது. கறிக்கப்பட்டும் தளிர்ப்பதே இல்லறம் என்னும் குறிப்பை அதனுள் நாம் காண்கிறோம்.

இவை மணநாளில் பாடப்பெற்றனவும் அல்ல. இரண்டும் மருதத்திணைப் பாடல்கள். துறைக்குறிப்பின்படி, முன்னது வாயில் மறுத்த தோழிக்குத் தலைவன் கூறியது. பின்னது தணியாத ஊடலின்போது தன் நெஞ்சுக்குக் கூறியது. அன்று நாணத்தால் ஆம்பல் மாலையை ஒதுக்கி, மலர் வேய்ந்த கூந்தலின் இருளுள் மறைந்தவள், இன்று ஊடலால் விலகி நிற்கிறாள். மணமலரின் அருமை அவள் இசைவை இழந்து நிற்கும் வேளையிலேதான் அவனுக்குப் புலனாகிறது. இப்பாடல்களின் உயிர்நிலை இதுவே என்பது நம் துணிபு.

ஒரு குறையையும் மறைத்தல் ஆகாது. 86ஆம் பாட்டில் நீர் சொரியும் உரிமை புதல்வரைப் பெற்றார்க்கே காட்டப்படுகிறது. மகப்பேறு வாய்க்காதவரையும் கணவனை இழந்தவரையும் மணமேடையினின்று ஒதுக்கும் வழக்கம் இன்றும் நம் வீடுகளில் முற்றும் ஒழிந்ததன்று. மரபைப் போற்றும் நாம் இதனையும் சேர்த்துப் போற்ற வேண்டுவதில்லை.

எனவே, செண்டு வந்ததே என்று நாம் வருந்த வேண்டா. மலருக்குப் பொருள் தருவது சொரியும் கையும் வாழ்த்தும் நெஞ்சுமே. வளர்த்த அத்தைக்கும் தனித்திருக்கும் பாட்டிக்கும் நம் மணமேடையில் இடம் உண்டாயின், அவர்கள் தூவும் எந்த மலரும் மணமலரே.